மதிலுக்குள் மறைந்த மலைகள்: சூசோவில் இரண்டு நாள்

ஷாங்காயிலிருந்து மேற்கே செல்லும் அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சூசோ வந்துவிடுகிறது. இடைப்பட்ட நிலமெங்கும் தொழிற்சாலைக் கூரைகளும் அடுக்குமாடிகளும். ஷாங்காய் எங்கே முடிந்தது, சூசோ எங்கே தொடங்கியது என்பது சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்குப் பிடிபடுவதில்லை. 2020 கணக்கெடுப்பின்படி சூசோ மாநகரத்தின் மக்கள்தொகை 1 கோடியே 27 லட்சம். சனிக்கிழமை காலை ரயிலை நிரப்பும் கூட்டமோ அந்த மாநகரத்தின் நடுவே அகழி சூழ்ந்து கிடக்கும் சுமார் 14 சதுர கிலோமீட்டர் பழைய நகரத்தைத் தேடிப் போகிறது. அதன் சந்துகளுக்குள் சீனாவின் மிகச் சிறந்த தோட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் நான்கு 1997-லும், மேலும் ஐந்து 2000-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம்வரை யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெய்யும் மழைக்கு 'பிளம் மழை' என்று பெயர். பிளம் பழுக்கும் காலத்து மழை. ஊற்றிவிட்டு ஓய்வதில்லை, நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். சுற்றுலா வருவோர் பலர் இந்தப் பருவத்தைத் தவிர்ப்பார்கள். தோட்டங்களைப் பார்க்க இதுவே ஏற்ற காலம் என்று சொல்லலாம். கல், ஓடு, இலை, நீர் என எல்லாமே மழையையும் கணக்கில் கொண்டு வைக்கப்பட்டவை.

நிலையத்திலிருந்து தெற்கே, அகழியைத் தாண்டினால் முதலில் கண்ணில் படுவது வடகோயில் கோபுரம். ஒன்பது நிலை, 76 மீட்டர். கி.மு. 514-இல் வூ நாட்டு மன்னன் ஹேலூவுக்காக அமைச்சர் வூ சீஷூ அமைத்தது இந்த நகரம் என்பது மரபு. அன்று குறித்த இடத்திலேயே நகரம் இன்றும் நிற்கிறது. 1229-இல் கல்லில் செதுக்கிய நகர வரைபடம் ஒன்று இங்குள்ள கன்பூசியஸ் கோயிலில் பாதுகாக்கப்படுகிறது. தெருவும் கால்வாயும் பக்கம் பக்கமாக ஓடும் கட்டங்களும், முந்நூறுக்கும் மேற்பட்ட பாலங்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. கிழக்குப் பகுதியிலுள்ள பிங்ஜியாங் தெருவில் அந்தக் கல் வரைபடத்தை வைத்துக்கொண்டே இன்றும் வழி கண்டுபிடித்துவிடலாம். அங்கே வீட்டின் முன்வாசல் சந்துக்குத் திறக்கிறது. பின்வாசல் படிகளாக இறங்கி வாய்க்கால் நீரைத் தொடுகிறது. ஒரு காலத்தில் அரிசியும் பட்டும் பின்வாசல் வழியாகத்தான் வந்து போயின. பெருங்கால்வாய் இந்நகரைத் தொட்டுச் சென்றதால் தென்னாட்டு விளைச்சல் வடக்கே தலைநகருக்கு இவ்வழியே போனது. அதில் சேர்ந்த செல்வம் பிள்ளைகளின் படிப்பாயிற்று. படிப்பு அரசுத் தேர்வில் வெற்றியும் பதவியும் தந்தது. பதவி போன பிறகு, அல்லது பறிபோன பிறகு, எஞ்சிய செல்வம் தோட்டமாயிற்று.

சூசோத் தோட்டம் என்றதும் பூப்பாத்திகளையும் புல்வெளியையும் எதிர்பார்த்து வருபவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. உயரமான வெள்ளைச் சுவர், சாம்பல் நிற ஓடு, ஓர் ஆள் நுழையும் வாசல்: வெளியிலிருந்து தெரிவது இவ்வளவே. உள்ளே வீடும் தோட்டமும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். குளம், செய்குன்று, மண்டபம், வளைந்து போகும் தாழ்வாரம், மறுபடியும் ஒரு சுவர். செய்குன்று என்பது தமிழின் பழஞ்சொல். இந்தத் தோட்டங்களின் உயிர்நாடியைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

பயணத்தில் முதலில் வருவது, தோட்டங்களில் பெரியதான ட்சுவோசெங் யுவான். 'திறமையற்றவனின் ஆட்சி' என்று அதன் பெயரை விரிக்கலாம். அரசுக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்த வாங் சியான்சென், பதவியில் பட்ட அடிகளுக்குப் பின் ஊர் திரும்பி, 1509-இல் பழைய கோயில் நிலமொன்றில் இதைத் தொடங்கினார். மூன்றாம் நூற்றாண்டு எழுத்தாளர் பான் யூவே எழுதிய ஓய்வு வாழ்க்கை பற்றிய படைப்பிலிருந்து பெயரை எடுத்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதும் காய்கறி விற்பதும்தான் திறமையற்றவன் நடத்தும் ஆட்சி என்பது அதன் கருத்து. அதை எழுதிய பான் யூவே அரசியலை விட்டு விலகவே இல்லை. அரண்மனைச் சூழ்ச்சியில் சிக்கி கி.பி. 300-இல் கொல்லப்பட்டார். ஒருவர் ஏட்டில் எழுதி, வாழ்வில் கைக்கொள்ளாததை இன்னொருவர் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து மண்ணில் செய்து பார்த்தார்.

வாங்கின் நண்பரான ஓவியர் வென் செங்மிங் 1533-இல் இத்தோட்டத்தின் 31 காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் எழுதினார். அந்தத் தொகுப்பைப் பார்த்துவிட்டு இன்றைய தோட்டத்துக்குள் நுழைபவர் திகைப்பார். ஓவியங்களில் கட்டடங்கள் மிகக் குறைவு. அகன்ற நீர்ப்பரப்பும் பழமரங்களும் மூங்கிலும் ஓலைக் கூரைகளுமே நிறைந்திருக்கின்றன. மிங் காலத் தொடக்கத்தில் தோட்டம் என்பது விளைச்சல் தரும் நிலமும்தான் என்பதைக் கலை வரலாற்றாளர் கிரெய்க் குளூனாஸ் 1996-இல் வெளிவந்த நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். பிந்தைய தலைமுறைகள்தான் பழத்தோப்பை அழித்து மண்டபங்களும் பாறைகளும் நிரப்பின. வாங்கின் மகன் ஒரே இரவில் இத்தோட்டத்தைச் சூதில் தோற்றான் என்று சொல்லப்படுகிறது. பிறகு அது துண்டுபட்டுப் பல கைகளுக்கு மாறியது. 1860-இல் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் சூசோவைப் பிடித்தபோது அவர்களுடைய தளபதி லி சியூசெங்கின் இருப்பிடமாகவும் இருந்தது. 'ஐந்நூறு ஆண்டுத் தோட்டம்' என்று வழிகாட்டிகள் சொல்வதில் பொய்யில்லை; ஆனால் கண்ணுக்கு முன் நிற்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் வடிவம்.

ஐந்து ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலம். நடப்பவருக்கோ அது முடிவதே இல்லை என்று தோன்றுகிறது. முழுத் தோட்டத்தையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் எங்குமே இல்லை. தாழ்வாரம் நேராகப் போனால் பத்தடியில் முடிந்துவிடும் தூரத்தை, மூன்று முறை வளைந்து முப்பதடியாக்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் ஒரு பலகணி. அதன் பின்னலுக்கு அப்பால் அடுத்த முற்றத்தின் ஒரு மூங்கில் கிளை. அங்கே போய்ச் சேரும்போது அந்தக் கிளையைக் காணோம். வேறொரு காட்சி விரிகிறது. கிழக்கிலிருந்து நீர்ப்பரப்பின் வழியே மேற்கே நோக்கினால், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தோட்டத்துக்கே சொந்தமானதுபோல் எழுந்து நிற்கிறது. அது ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள வடகோயில் கோபுரம். இதற்குக் 'கடன் வாங்கிய காட்சி' என்று பெயர். சூசோவுக்கு அருகே வூஜியாங்கில் பிறந்த ஜி செங், 1631-இல் எழுதி முடித்த 'யுவான் யே' என்ற தோட்டக்கலை நூலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். வேலிக்கு வெளியே உள்ள நல்லதை எடுத்துக்கொள், கெட்டதை மறைத்துவிடு என்பது அவருடைய அறிவுரையின் சாரம்.

நடுக்குளத்தின் கரையிலுள்ள முதன்மை மண்டபத்தின் பெயர் 'தொலைமணம்'. தாமரை மணம் தொலைவில் நிற்கும்போதுதான் தூயதாக எட்டுகிறது என்ற சோங் கால அறிஞர் சோ துன்யீயின் எண்ணத்திலிருந்து வந்த பெயர். சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத பூ என்று அவர் தாமரையைப் போற்றியது தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது. நீரோரம் விசிறி வடிவில் ஒரு சிறு மண்டபம். கூரை, சன்னல், கல் மேசை எல்லாமே விசிறி. அதன் பெயரே ஒரு கேள்வி: 'யாருடன் சேர்ந்து அமர்வது?' பெயர் வந்தது கவிஞர் சூ ஷியிடமிருந்து. நிலவும் காற்றுமே துணை என்பது அங்கே அதற்கான விடை.

தோட்டத்தின் ஒரு மூலையில் 'மழை கேட்கும் கூடம்' இருக்கிறது. மதிலோரம் நாலைந்து வாழைகள், பக்கத்தில் மூங்கில், எதிரே சிறு குளம். இந்த வாழை உண்ணத்தக்க பழம் தருவதில்லை. இலையில் சாப்பிடும் வழக்கமும் அங்கே கிடையாது. அகன்ற இலையில் மழைத்துளி விழும் ஓசைக்காகவே அதை நட்டிருக்கிறார்கள். பிளம் மழையில் அந்தக் கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று ஓசைகள் பிரிந்து கேட்கும். வாழையில் விழுவது கனத்த சொட்டு, மூங்கிலில் விழுவது உரசல், குளத்தில் விழுவது சன்னமான கலகலப்பு. வாழையைத் தினமும் பார்த்துப் பழகிய தமிழருக்கு, அதைக் காதால் அனுபவிக்கவென்றே ஒருவர் வளர்த்தார் என்ற செய்தி நெடுநேரம் மனத்தைவிட்டு அகலாது.

இத்தோட்டத்துச் சுவரை ஒட்டியே சூசோ அருங்காட்சியகம். வடிவமைத்தவர் ஐ. எம். பெய்; 2006-இல் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 89. குளத்துக்கு அப்பால் வெள்ளைச் சுவரின் முன் மெல்லியதாக அறுத்த பாறைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். முன்னவை அடர்நிறம், பின்னவை வெளிர்நிறம். சோங் கால ஓவியர் மி ஃபூவின் மூடுபனி மலைகளைப்போல் அவை சுவரில் கரைகின்றன. சுவர் காகிதம், கல் மை. தூறலில் நனைந்த பாறைகள் இன்னும் கறுத்துத் தெரியும்போது அந்தக் கறுப்பு-வெள்ளை ஓவியம் முழுமையடைகிறது. அதே சுவரின் மறுபக்கம்தான் வாங் சியான்செனின் தோட்டம்.

பெய்க்கு இந்தத் தெரு அந்நியமல்ல. சில நிமிட நடையில் உள்ள சிங்கத் தோப்பு ஒரு காலத்தில் அவருடைய குடும்பச் சொத்து. சிறுவனாகக் கோடை விடுமுறைகளில் அங்கே விளையாடியவர். 1342-இல் தியான்ரு என்ற பௌத்தத் துறவிக்காகச் சீடர்கள் அமைத்த மடத்தின் தோட்டம் அது. தியான்ருவின் குரு வாழ்ந்தது தியான்மு மலையின் சிங்கப் பாறையில். புத்தரின் போதனையைச் சிம்மநாதம் என்பது இந்தியாவிலிருந்து சென்ற மரபு. இரண்டும் சேர்ந்து பெயராயின. உள்ளே பாறைகள் சிங்கங்களாகவும் குகைகளாகவும் குவிந்து ஒரு புதிர்வழியாகின்றன. எதிரே வருபவரின் குரல் காதருகே கேட்கும்; ஆள் வந்து சேர இருபது வளைவு ஆகும். குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சியான தோட்டம் சூசோவில் இல்லை. பேரரசர் சியான்லோங் இதில் மனம் பறிகொடுத்து, பெய்ஜிங்கிலும் செங்தேயிலும் நகல்கள் எழுப்பினார். ஆனால் சூசோக்காரரான எழுத்தாளர் ஷென் ஃபூவுக்கு இது பிடிக்கவில்லை. பாசி படிந்து எறும்புப் புற்று வைத்த நிலக்கரிச் சாம்பல் மேடு மாதிரி இருக்கிறது, மலைக்கும் காட்டுக்கும் உரிய உயிர்ப்பு இல்லை என்று எழுதிவைத்தார். வாழைக்கூடத்திலிருந்து நேராக இங்கே வருபவர் ஷென் ஃபூவின் பக்கம் சாய்வதற்கு நியாயம் உண்டு.

அந்தப் பாறைகளின் கதை தனியே சொல்லத்தக்கது. அருகிலுள்ள தைஹூ ஏரியின் சுண்ணாம்புக் கல்லை அலை அரித்து அரித்துத் துளையிடுகிறது. மெலிவு, சுருக்கம், நீர் வழியும் தாரை, ஒளி ஊடுருவும் துளை ஆகிய நான்கும் அமைந்த கல்தான் நல்ல கல் என்பது பண்டைய இலக்கணம். தேர்ந்த கல் கிடைக்காதபோது, உளியால் துளையிட்டு மீண்டும் ஏரிக்குள் போட்டு, உளியின் தடத்தை அலை அழிக்கும்வரை விட்டுவைப்பார்கள். தந்தை போட்ட கல்லை மகன் எடுப்பான் என்பதைப் பெய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மாலையில் பிங்ஜியாங் தெருவின் தேநீர்க் கூடங்களிலிருந்து பிங்தான் இசை கேட்கிறது. நீண்ட அங்கியில் ஓர் ஆண், மூன்று நரம்புடைய சான்சியானுடன். பக்கத்தில் சிப்பாவோ உடுத்திய ஒரு பெண், பிப்பாவுடன். பாட்டும் உரையுமாகக் கதை நகர்கிறது. வூ வட்டார மொழியிலான இந்தக் கதையை வடநாட்டிலிருந்து வந்த சீனர்களாலேயே முழுவதும் பின்தொடர முடிவதில்லை. மேலே திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். புலிக் குன்றின் சாய்ந்த செங்கல் கோபுரமும், மணியோசைக்குப் பேர்போன ஹன்ஷான் கோயிலும் இரண்டு நாள் பயணத்தில் விட்டுப்போகும் இடங்கள்.

ஞாயிறு காலைக்கு ஏற்றது நகரின் தெற்கிலுள்ள சாங்லாங் மண்டபம், எஞ்சியிருக்கும் தோட்டங்களில் மிகப் பழையது. சோங் அரசில் பணியாற்றிய கவிஞர் சூ ஷுன்ச்சின், அலுவலகத்தின் பழைய காகிதங்களை விற்ற பணத்தில் விருந்து வைத்தார் என்ற குற்றச்சாட்டில் 1044-இல் பதவி நீக்கப்பட்டார். குற்றம் சிறியது, பின்னணியில் இருந்த கட்சிப் பகை பெரியது. சூசோ வந்து, 40,000 செப்புக் காசுக்கு ஒரு பாழ்நிலத்தை வாங்கி, நீரோரம் ஒரு மண்டபம் கட்டினார். சாங்லாங் என்பது பழைய சூ நாட்டுப் பாடலில் ஒரு மீனவன் குறிப்பிடும் ஆறு. நீர் தெளிந்திருந்தால் அதில் தலைப்பாகை நாடாவை அலசலாம், கலங்கியிருந்தால் காலைக் கழுவலாம் என்பது அவன் சொன்னதன் பொருள். உலகம் சீராக இருக்கும்போது பதவி ஏற்றுக்கொள், இல்லையேல் விலகிக்கொள் என்று படித்தவர்கள் அதற்கு விளக்கம் கண்டார்கள். சூ ஷுன்ச்சின் இங்கே வாழ்ந்தது சில ஆண்டுகளே. நாற்பது வயதையொட்டி இறந்துபோனார்.

மற்றத் தோட்டங்கள் நீரை மதிலுக்குள் அடைக்கின்றன. இங்கே நீர் வெளியே ஓடுகிறது. சிறு பாலத்தின் வழியாக அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நீரோரத் தாழ்வாரத்தின் நடுவே ஒரு சுவர், அதில் வரிசையாகப் பலகணிகள். தோட்டம் முழுவதும் 108. ஒன்றின் பின்னல் இன்னொன்றில் இல்லை என்கிறார்கள். தாமரை, மாதுளை, அல்லி இலை, அலை. உள்ளேயிருந்து பார்த்தால் நீரும், வெளியேயிருந்து பார்த்தால் குன்றும் அவற்றின் வழியே துண்டு துண்டாகத் தெரிகின்றன.

ஷென் ஃபூவும் அவர் மனைவி யுன்னும் இந்தத் தோட்டத்துக்கு அருகில்தான் வாழ்ந்தார்கள். ஷென் ஃபூ தேர்வில் தேறாதவர். கூலிக்கு எழுத்தராகவும் சில காலம் வணிகராகவும் அலைந்தவர். அவருடைய 'மிதக்கும் வாழ்வின் ஆறு குறிப்புகள்' என்ற நூலின் கையெழுத்துப் படி, நான்கு பகுதிகள் மட்டும் எஞ்சிய நிலையில் சூசோவின் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்து 1877-இல் அச்சேறியது. தோட்டம் வைத்திருந்தவர்கள் எழுதியது ஏராளம். தோட்டம் இல்லாத ஒருவர், பக்கத்து வீட்டுக்காரராக இருந்துகொண்டு எழுதிய இந்தச் சிறிய நூல்தான் இன்று அதிகம் படிக்கப்படுகிறது. மாலையில் தாமரை கூம்புமுன் தேயிலையைச் சிறு துணிப்பையில் முடிந்து பூவுக்குள் வைத்து, காலையில் மலர்ந்ததும் எடுத்து, ஊற்று நீரில் கொதிக்கவைப்பாளாம் யுன். வறுமையில் கழிந்த ஒரு குடும்பத்தின் கோடைக்காலத் தேநீர் அது.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் வலைஞர் தோட்டம். மறுபடியும் மீனவன். 12-ஆம் நூற்றாண்டில் ஷி செங்சி என்ற அதிகாரி இங்கே வைத்திருந்த வீட்டுக்கு 'மீனவன் ஒதுங்கிய இடம்' என்று பெயர்; 18-ஆம் நூற்றாண்டில் வாங்கியவர் அதை நினைவில் கொண்டு 'வலைகளின் தலைவன்' என்றாக்கினார். தோட்டமும் வீடும் சேர்ந்தே அரை ஹெக்டேர்தான். நுட்பத்தில் எல்லாத் தோட்டங்களுக்கும் இதுவே மேல் என்ற கருத்து வல்லுநர்களிடையே வலுவாக உண்டு. நேரில் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. நடுக்குளத்தின் இரண்டு மூலைகளில் நீர் பாறைக்கு அடியில் வளைந்து மறைகிறது. கரை எங்கே முடிகிறது என்று தெரியாததால் குளம் எங்கோ தொடர்வதாகத் தோன்றுகிறது. மூலையிலுள்ள கல்பாலத்தை மூன்று எட்டில் கடந்துவிடலாம். பாலம் சிறுத்ததால் குளம் பெருத்தது.

தரையையும் பார்க்க வேண்டும். உடைந்த ஓட்டை விளிம்பாக நட்டு, இடையே கூழாங்கல்லும் பீங்கான் சில்லும் பதித்து நாரை, மான், மலர் வடிவங்கள் செய்திருக்கிறார்கள். வௌவாலும் உண்டு, சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி. கட்டட வேலையில் கழித்துப்போட்ட சில்லுகளே இதற்கு மூலப்பொருள். மழையில் கற்களின் நிறம் எழும்பி, காய்ந்த நாளில் தெரியாத சிவப்பும் மஞ்சளும் காலடியில் வந்துவிடுகின்றன.

இத்தோட்டத்தின் மேற்கு ஓரமுள்ள படிப்பறை முற்றத்தை மாதிரியாக வைத்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு முற்றம் 1981-இல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் சூசோவிலிருந்து போன 27 கைவினைஞர்கள். மூல முற்றத்தில் 1930-களில் ஓவியர்களான சாங் சகோதரர்கள் வாழ்ந்தார்கள். அண்ணன் சாங் ஷான்சி புலி வரைவதில் பேர்பெற்றவர். ஒரு புலிக்குட்டியை இங்கேயே வளர்த்தார். அது இறந்தபின் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டது. அந்தக் கல்லறைக் கல்லின் எழுத்து, தம்பி சாங் தாச்சியான் தள்ளாத வயதில் தைவானிலிருந்து எழுதியனுப்பியது.

கடைசியாக நகரின் வடமேற்கே லியூ யுவான். தெருவாசலைத் தாண்டியதும் தோட்டம் வருவதில்லை. குறுகலான, அரையிருளான நடை இப்படியும் அப்படியுமாகத் திரும்பி ஐம்பது மீட்டர்போல் நீள்கிறது. வானம் ஒரு கீற்றாகத் தெரியும் சிறு முற்றங்கள் இடையிடையே வந்து போகின்றன. பிறகு பலகணி வரிசையின் பின்னால் பச்சை. ஒரு திருப்பத்தில் திடீரென்று குளமும் குன்றும் வெளிச்சமும்.

1593-இல் சூ தாய்ஷி அமைத்த தோட்டம், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியூ என்ற குடும்பப் பெயருடையவரிடம் வந்தது. ஊரார் 'லியூ வீட்டுத் தோட்டம்' என்றார்கள். தைப்பிங் போரில் சுற்றுப்புறமெல்லாம் எரிந்தும் இது தப்பியது. 1870-களில் வாங்கிய புதிய உரிமையாளர் ஊர்வாய்ப் பெயரை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றினார். அதே ஒலிக்கு 'தங்கு' என்று பொருள் தரும் எழுத்து அது.

கிழக்குப் பகுதியில் 6.5 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கிறது 'முகில் முடிச் சிகரம்', சூசோவின் தைஹூக் கற்களில் புகழ்பெற்றது. சோங் பேரரசர் ஹுயிசோங்குக்காகச் சேகரித்து, அனுப்பப்படாமல் தங்கிவிட்ட கல் இது என்பது வழிவழிச் செய்தி. ஹுயிசோங் தேர்ந்த ஓவியர்; கல்பித்து அதைவிடப் பெரிது. அவருக்காகச் சூசோக்காரர் சூ மியான் தென்னாடெங்கும் மரமும் கல்லும் பறித்து, படகு வரிசைகளில் தலைநகர் கைஃபெங்குக்கு அனுப்பினார். பெரிய கல் போக வழியில்லாத இடங்களில் பாலங்கள் இடிக்கப்பட்டன. நொந்த மக்கள் 1120-இல் ஃபாங் லா தலைமையில் கிளர்ந்தார்கள். 1126-இல் சூ மியான் கொல்லப்பட்டார். மறு ஆண்டு கைஃபெங் ஜுர்சென் படையிடம் வீழ்ந்தது. முற்றுகையின்போது பேரரசர் ஆசையாகச் சேர்த்த கற்களை உடைத்துக் கவண் பொறிகளில் வைத்து எறிந்தார்கள். அழகில் குறைவில்லாத இந்தக் கல்லைப் பார்க்கும்போது, அதன் இனத்தைச் சேர்ந்த கற்களுக்காக இடிந்த பாலங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் லியூ யுவானுக்கும் கேடு வந்தது. மண்டபங்களில் படைக் குதிரைகளைக் கட்டினார்கள். தோட்டத்தின் மிகப் பெரிய கூடமான ஐந்து சிகர மண்டபத்தின் நன்மு மரத் தூண்களைக் குதிரைகள் கொறித்தன. கதவுகளும் சன்னல்களும் போயின. 1953-இல் செப்பனிடும் பணி தொடங்கியபோது, கைவிடப்பட்ட பழைய வீடுகளின் கதவு, சன்னல், பலகைகளைத் தேடியெடுத்து வந்து பொருத்தினார்கள். இழைத்துச் சேர்த்தவர்கள் பரம்பரைத் தச்சர்கள். 1954-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பதவி இழந்த ஒருவரின் மதிலுக்குள் கிடந்த குளத்தையும் குன்றையும் பார்க்க அன்றுமுதல் சீட்டு வாங்கினால் போதும். இன்று ஞாயிறு மாலைகளில் ஐந்து சிகர மண்டபத்துக் கூட்டம் அந்தத் தூண்களைத் தொட்டபடி நகர்ந்து, அதே குறுகலான நடை வழியாகக் குடை விரிக்க இடமின்றித் தெருவுக்கு வருகிறது.